பொருத்தியவள்

என் அக்கா இறந்து மூன்று வாரம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உறவினர்களும் தெரிந்தவர்களும் வீட்டுக்கு வருகிறார்கள். வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு நினைவு அட்டை அச்சாகிறது. மேலே அவள் படம், கீழே பெயர், அதற்கும் கீழே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை.

எங்கள் வீட்டில் அக்கா மூத்தவள், அடுத்து அண்ணன், கடைசி நான். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அண்ணன் அந்த வரியை எனக்குப் போனில் படித்துக் காட்டினான்.

“அனைவரையும் அனுசரித்து வாழ்ந்தவர்.”

“யாரு?” என்றேன்.

“யாருன்னா? அக்காதான்.”

“எந்த அக்கா?”

“விளையாடாத. மனசு இருக்கற இருப்புல இது வேற.”

“விளையாடலண்ணா. அவ யார அனுசரிச்சா? ஒரே ஒரு ஆளச் சொல்லு, நான் ஒத்துக்கறேன்.”

அவன் உண்மையாகவே யோசித்தான். பிறகு, “அவ வேலை பார்த்த கடை முதலாளியே வந்து சொன்னாரே, நீயும் பக்கத்துலதான நின்ன? ‘மேடம் மாதிரி அட்ஜஸ்ட் பண்றவங்க இனிமே எங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க’ன்னு. அதத்தான் நல்ல தமிழ்ல போட்டிருக்கேன். ஒரு வரிதான, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று வைத்துவிட்டான்.

ஒரு வரிதான். ஆனால் என் அக்கா பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து ‘அட்ஜஸ்ட்’ என்ற அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தவள். அவள் உயிரோடு இருந்தவரை அதனால் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில் அது அவள் படத்துக்குக் கீழே வந்து உட்காரப் பார்க்கிறது. உட்கார விடமாட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் எல்லாக் காரியத்துக்கும் வரும். விருந்தாளி வந்து கட்டிலில் இன்னும் ஒருவர் படுக்க வேண்டுமென்றால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்பார் அம்மா. அங்கே அதற்கு ‘நகரு’ என்று பொருள். பள்ளிச் சீருடை கணுக்காலை விட்டு மேலே ஏறிவிட்டால் அதே சொல். அப்போது ‘புதிது கிடையாது’ என்று பொருள். சித்தப்பா வந்து உட்கார்ந்து அம்மாவின் சமையலையும் எங்கள் நிறத்தையும் கிண்டல் செய்தால் ‘வாயை மூடிக்கொள்’ என்று பொருள். அண்ணன் பரீட்சைக்குப் படிக்க முன்னறையை எடுத்துக்கொண்டபோது ‘விட்டுக்கொடு’. குழாயில் தண்ணீர் வராத காலையில் ‘சமாளி’. வலித்தால் ‘பொறு’. அழுகை வந்தால் ‘முழுங்கு’. அகராதியில் இந்தச் சொல்லுக்கு நாலைந்து பொருள்தான் போட்டிருக்கும். அகராதி எழுதியவர்கள் எங்கள் அம்மாவைச் சந்திக்கவில்லை.

அக்காவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது நேராகவே கேட்டாள்.

“அம்மா, நீ இப்ப சொன்ன அட்ஜஸ்ட் எந்த அட்ஜஸ்ட்? நகரணுமா, வாய மூடணுமா? தெளிவாச் சொல்லிட்டா முடியுமா முடியாதான்னு நானும் தெளிவாச் சொல்லிடுவேன்.”

“உன்கிட்ட பேசறதுக்கு இந்தச் சுவத்துகிட்ட பேசலாம்.”

“பேசும்மா. சுவர்தான் நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்.”

அவளைப் பிடிவாதக்காரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. பிடிவாதக்காரர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள். அக்கா எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தாள். தன்னை மட்டும் மாற்றிக்கொள்ள மறுத்தாள்.

வீட்டுக்கு முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்த கதையைச் சொன்னால் புரியும். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நடைவழிதான் அக்காவின் படுக்கையறை. அங்கே ஓர் இரும்புக் கட்டில், தலைமாட்டில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அவள் கைப்பை, அவ்வளவுதான். ஃபிரிட்ஜை வைக்க வேறு இடம் இல்லை, அங்கேதான் வைத்தார்கள். அதன் கதவைத் திறந்தால் கட்டிலின் கால்மாட்டில் இடித்தது.

“நீ கால மடக்கிப் படுத்துக்கோ. கட்டிலக் கொஞ்சம் இழுத்துப் போட்டுடலாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார் அம்மா.

அக்கா ஃபிரிட்ஜோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கதவு மொத்தத்தையும் கழற்றினாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, “போச்சு, புது ஃபிரிட்ஜு போச்சு” என்று வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது. கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கா அன்று கால் நீட்டிப் படுத்து, வேண்டுமென்றே கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து பெண் பார்க்க வந்த கதை. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான் இருந்தார், பாவம், கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் அவருடைய அத்தை. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் அந்த அத்தை, “எங்க வீட்ல ஆளுங்க ஜாஸ்தி. பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போவால்ல?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள். “எதுக்குங்க அத்த?”

“எதுக்குன்னா?”

“எதுக்குன்னு சொன்னீங்கன்னா யோசிச்சு சொல்லலாம். குளிக்கறதுக்கு வரிசைல நிக்கணுமா, நிப்பேன். வேலைய விடணுமா, விடமாட்டேன்.”

“அப்படிப் பிரிச்சுப் பிரிச்சு சொல்ல முடியுமாம்மா? பொதுவா எல்லாத்துக்கும்தான்.”

“எல்லாத்துக்கும்னா அதுக்குப் பேரு அட்ஜஸ்ட் இல்லைங்க. அது வேற வார்த்தை.”

அந்த அத்தை என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, “படிச்ச பொண்ணு” என்றார், நோயின் பெயரைச் சொல்வதுபோல. அம்மா ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. அக்காவுக்கு அதற்குப் பிறகு கல்யாணம் நடக்கவில்லை. அதைப் பெரிய சோகமாகப் பேசுகிறவர்களிடம், “எனக்கு அளவு சரியா எதுவும் வரல, விடுங்க” என்பாள். நெஞ்சுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதப் போவதில்லை.

அவள் விட மறுத்த வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். முதலில் பில் போடத்தான் சேர்ந்தாள். கண்ணாடி பொருத்துகிற ஆள் ஒரு நாள் வராமல்போக, வாசலில் காத்துக்கொண்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அவன் இடத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் அங்கிருந்து எழவே இல்லை.

எனக்கு அந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும். கவுண்டரின் இடது ஓரத்தில் ஓர் உயர ஸ்டூல், எதிரே வாடிக்கையாளருக்கு இன்னொரு ஸ்டூல். நடுவில் குறடுகள், உறையில் மடித்த துணி, ஃபிரேமைச் சூடுபண்ணுகிற சின்ன மின் அடுப்பு. பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடு காட்டாமல் வளைத்தால் முறிந்துவிடும். அக்கா அதை அடுப்புக்கு மேலே காட்டி, தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள், குழந்தைக்குப் பாலின் சூடு பார்ப்பதுபோல. பிறகு வளைப்பாள்.

ஆனால் முதல் வேலை அதுவல்ல. வந்தவரின் முகத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. நேராகப் பார்க்கச் சொல்வாள், குனியச் சொல்வாள், தலையை ஆட்டச் சொல்வாள், சிரிக்கச் சொல்வாள். சிரித்தால் கன்னம் ஏறிக் கண்ணாடியைத் தூக்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மூக்கின் மேல்பகுதியை விரலால் தொட்டுப் பார்ப்பாள். கடையில் அவளுக்கு ‘மூக்கு டாக்டர்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். தெருவில் எதிரே வருகிறவர்களின் மூக்கை அவள் பார்க்கிற பார்வையில் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

“எல்லாருக்கும் ஒரு காது கொஞ்சம் மேல, ஒரு காது கொஞ்சம் கீழ” என்பாள். “கண்ணாடி கோணலா நிக்குதுன்னு வர்றாங்க. கண்ணாடி நேராத்தான் இருக்கு. அதனாலதான் கோணலா நிக்குது.”

அதாவது, கோணலான முகத்தில் நேரான கண்ணாடியை மாட்டினால் கோணலாகத் தெரியும். முகம் எந்த அளவு கோணலோ அந்த அளவு கண்ணாடியையும் கோணலாக்கினால்தான் பார்க்கிறவருக்கு நேராகத் தெரியும். அக்கா சரிபண்ணிக் கொடுத்த கண்ணாடியை மேசை மேல் மல்லாக்க வைத்தால் ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடும். முகத்தில் மாட்டினால் அசையாது.

அம்மாவுக்குக் கண்ணாடி செய்துகொடுத்த அன்று வீட்டில் பெரிய ரகளை.

“உனக்கு எடது காது மேல இருக்கும்மா. நியாயம் சொன்னா அந்தப் பக்கம் ஏற மாட்டேங்குதே, அதனாலதான்.”

“இருக்கட்டும். உன் ரெண்டு காதும் அடைச்சிருக்கே, அதுக்கு என்ன பண்ணப் போற?”

அந்தக் கண்ணாடியைத்தான் அம்மா இத்தனை வருடம் போட்டார். லென்ஸ் மாறியது, ஃபிரேமை மாற்றவிடவில்லை.

கல்லூரியில் படித்த இலக்கணத்தில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மறக்காத ஒன்று தன்வினையும் பிறவினையும். திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. மாறு, மாற்று. நீயே ஆவது ஒன்று, இன்னொன்றை ஆக்குவது ஒன்று. அட்ஜஸ்ட் என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வித்தியாசமே கிடையாது. ஆள் வளைந்துகொடுத்தாலும் அதே சொல், ஆள் கம்பியை வளைத்தாலும் அதே சொல். தமிழில் அப்படி நழுவ முடியாது. பொருந்து என்றால் ஒன்று, பொருத்து என்றால் வேறு. வீட்டில் எல்லோரும் அக்காவைப் பொருந்தச் சொன்னார்கள். அவள் பொருத்திக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்துதான் நடுவில். வாழ்க்கை முழுவதும் அவள் அந்த எழுத்தின் மேல்தான் நின்றாள்.

கடையிலும் அவளை விடவில்லை. பெரிய முதலாளிக்கு வயதாகி, அவருடைய மருமகன் பொறுப்புக்கு வந்தார். அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. வந்ததும் இரண்டு காரியம் செய்தார். டெலிவரிக்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாடியையும் ஒரு சமமான கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆடினால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி போட்டார். கூடவே, பொருத்துகிற மேசையைப் பின்னறைக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் விளக்குப் போட்ட ஷோகேஸ் வைத்தார்.

திங்கட்கிழமை காலை அக்கா கடைக்குப் போனால் அவளுடைய ஸ்டூலைக் காணவில்லை. பின்னறைக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஷோகேஸின் முன்னால் போட்டாள். இன்னொரு ஸ்டூலையும் கொண்டுவந்து எதிரே போட்டாள். ஷோகேஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே அடுப்பைச் செருகினாள். உள்ளே விளக்குகள் அணைந்தன.

இதை அவளே ஒரு நூறு தடவை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். சின்ன முதலாளியின் குரலைக் கொஞ்சம் மூக்கால் பேசுவாள்.

“மேடம், இங்க இடமில்ல. பின்னாடி ஃபேன் எல்லாம் போட்டு வச்சிருக்கேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

“சார், பின்னாடி மூஞ்சி இல்லையே.”

“கண்ணாடிய உள்ள கொண்டுவந்து கொடுப்பாங்க மேடம்.”

“கண்ணாடி வரும். மூஞ்சி?”

“எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணாத்தான் கடை நடக்கும்.”

“சார், இந்தக் கடையில அட்ஜஸ்ட் பண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. அத எங்க உக்காந்து பண்ணணும்னு எனக்குத் தெரியும்.”

இந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பாள். நாங்கள் சிரிக்க வேண்டும். அம்மா மட்டும் சிரிக்காமல், “வேலைய விட்டுத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்பார், ஒவ்வொரு தடவையும்.

தூக்கவில்லை. இதில் அக்கா ஜெயித்தாள் என்று சொல்ல முடியாது. ஷோகேஸை எடுக்கவில்லை, பக்கத்தில் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். கண்ணாடித் தட்டு விதியும் போகவில்லை. அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கண்ணாடி முதலில் தட்டுக்குப் போகும், ஆடாமல் நிற்கும், சின்ன முதலாளி தலையாட்டுவார். பிறகு அக்கா அதை எடுத்து, வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே கோணலாக்குவாள். சின்ன முதலாளிக்கு இது தெரியும். அவருக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும். வருடக்கணக்கில் இப்படியே போனது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் இருந்தாள். நுரையீரலில் சளி கட்டி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் மாஸ்க் கன்னத்தில் நிற்காமல் நழுவியது. நர்ஸ், “புது ஆளுக்கு அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா” என்றார். அந்த மாஸ்க்கில் மூக்குக்கு மேலே ஒரு மெல்லிய தகரம் இருக்கும். அக்கா அதை இரண்டு விரலால் கிள்ளி, தன் மூக்குக்கு ஏற்ப மடித்தாள். காற்று கசிவது நின்றது.

“அதத்தான் பண்ணேன் சிஸ்டர்” என்றாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளின் மாஸ்க்கையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைக் கையால் கூப்பிட்டு அதைக் காட்டினாள். நான் போய் அந்தத் தகரத்தை மடித்துவிட்டு வந்தேன். சரியில்லை, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று விரலால் சொன்னாள். நான் பார்த்து அவள் செய்த கடைசி வேலை அது.

இவளைத்தான் அனைவரையும் அனுசரித்து வாழ்ந்தவர் என்று அச்சடிக்கப் போகிறார்கள்.

நான் சின்ன முதலாளிக்குப் போன் செய்தேன். நினைவு அட்டைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, “சார், அன்னைக்கு வந்தப்ப சொன்னீங்களே, அக்கா மாதிரி அட்ஜஸ்ட் பண்றவங்க கிடைக்க மாட்டாங்கன்னு. அது எந்த அட்ஜஸ்ட்?” என்று கேட்டேன்.

“எந்த அட்ஜஸ்ட்டுன்னா?”

“கண்ணாடியா, குணமா?”

அவர் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. துக்க வீட்டோடு பேசும்போது சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

“அய்யோ, கண்ணாடியச் சொன்னேம்மா. குணத்துலயா? மேடமா? ஷோகேஸ் பிளக்க அவங்க பிடுங்கினது இன்னைக்கும் என் மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எனக்குன்னு ஒரு நாள் ஒரு அடி அவங்க நகர்ந்ததில்ல.” குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்தத் தட்டு விஷயம் எனக்குத் தெரியும்மா. நான் வேணும்னுதான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல.”

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவன் அசரவில்லை.

“சரி, அவரு கண்ணாடியச் சொல்லியிருக்கலாம். அதுக்காக? அனுசரிச்சு வாழ்ந்தாங்கன்னு போட்டா அக்காவுக்கு என்ன அசிங்கமா? நல்ல வார்த்தைதான. வர்றவங்க படிச்சுட்டு நல்லபடியா நெனப்பாங்க.”

“வேற யாரையோ நெனப்பாங்க.”

“உனக்கும் அவ காத்து அடிச்சிருச்சு” என்றான்.

அண்ணனைக் கெட்டவனாகக் காட்ட எனக்கு ஆசையில்லை. அவன் அம்மாவுக்காக எதையாவது செய்துகொண்டே இருக்கிறான். பல்பு மாற்றுகிறான், மாத்திரை வாங்கி வருகிறான். இந்தப் பேச்சுக்கு அடுத்த நாள் வந்தபோது டிவிக்குப் பக்கத்தில் அம்மாவின் கண்ணாடி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறான். பாவம், இதைக்கூடக் கவனிக்க ஆளில்லையே என்று நினைத்து, அம்மா தூங்கும்போது எனக்கும் தெரியாமல் அதை எடுத்துப் போய், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு கடையில் கொடுத்து நிமிர்த்தி வாங்கி வந்துவிட்டான். கூடவே அச்சகத்திலிருந்து அட்டையின் மாதிரியையும் வாங்கி வந்தான். அக்கா போன பிறகு நான் அம்மாவோடுதான் இருக்கிறேன், அதனால் அடுத்து நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான்.

“பாரும்மா” என்று கண்ணாடியை மேசையில் வைத்தான். “இப்ப ஆடாம நிக்குது பாரு.”

அம்மா எடுத்து மாட்டினார். அது இடப்பக்கம் தூக்கிக்கொண்டு, வலப்பக்கம் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மறுபடி அதே. கையால் தடவி, காதுக்குப் பின்னால் வளைவைத் தேடினார். அந்த வளைவு அங்கே இல்லை.

“என்னடா பண்ண இத?”

“கோணலா இருந்துச்சும்மா. நேராக்கிக் கொண்டுவந்தேன்.”

“யாரு கேட்டா உன்ன?”

“டேபிள்ல வச்சா ஆடுச்சும்மா...”

“கண்ணாடிய டேபிளாடா போட்டுக்கப் போகுது?”

அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, காதில் மாட்டும் அதன் கையையே தடவிக்கொண்டிருந்தார். அக்கா போன நாளில்கூட அம்மா எல்லோருக்கும் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நடமாடினார். இப்போதுதான் அழுதார். “அவ என் காதுக்குன்னு வளைச்சு வச்சது. அவ வளைச்சத நீ ஏன்டா நிமித்தின? அவ இல்லன்னா?”

அண்ணன் தரையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அட்டையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா கண்ணாடியை மாட்டி, நழுவாமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அனைவரையும்... அனுசரித்து...” நிமிர்ந்தார். “யாரு, இவளா?”

“எல்லாருக்கும் போடறதுதாம்மா.”

“நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன்டா. அட்ஜஸ்ட் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணுன்னு. ஒரு நாள் கேட்டாளா? இப்ப கேட்டான்னு போட்டா, நான் கத்துனதெல்லாம் வெட்டியா?” கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொய் எழுதாத. எடு இத.”

“அப்ப என்னதாம்மா போடறது?”

“அவ வேலையப் போடு. கண்ணாடி மாட்டினான்னு போடு.”

“கண்ணாடி பொருத்தியவர்” என்றேன் நான்.

“அதான். அதப் போடு.”

“என்னம்மா இது, கடை போர்டு மாதிரி” என்றான் அண்ணன். “நாலு பேரு வர்ற இடத்துல ஒரு நல்ல வார்த்தை வேணாமா? ஊரு என்ன நெனைக்கும்?”

“ஊரு அட்ஜஸ்ட் பண்ணிக்கும்” என்றார் அம்மா.

அண்ணனே அச்சகத்துக்குப் போன் செய்தான். வரியைச் சொன்னான். எதிர்முனையில் இருந்தவருக்குச் சந்தேகம். பொருந்தியவரா, பொருத்தியவரா என்று கேட்டிருக்கிறார். அண்ணன், “த்து. ந்து இல்ல, த்து” என்று எழுத்தைச் சொல்லி உறுதிப்படுத்தினான். வரி சின்னது, கீழே நிறைய வெள்ளை மிஞ்சுகிறது, ஏதாவது பூ போட்டு அட்ஜஸ்ட் பண்ணிவிடவா என்று அவர் கேட்டதாகவும், வேண்டாம், மிஞ்சட்டும் என்று சொன்னதாகவும் பிறகு சொன்னான்.

மறுநாள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்றார். “கிளம்பு. கடைக்குப் போலாம்.”

“எந்தக் கடைக்கும்மா?”

“அவ கடைக்கு.”

அக்கா வேலை பார்த்த காலம் முழுவதும் அம்மா அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. இந்த வேலைக்காகத்தானே நல்ல இடத்தை விட்டாள் என்ற கோபம். என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஷோகேஸில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த இரண்டு ஸ்டூல்களும் அதே இடத்தில் இருந்தன. சின்ன முதலாளி எழுந்து வந்து கும்பிட்டார். அம்மா நேராகப் போய் வாடிக்கையாளர் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்.

புதிதாக வேலைக்கு எடுத்திருந்த ஓர் ஆள், முப்பது வயது இருக்கும், மரியாதையாகக் கையை நீட்டினார். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் அதை வாங்கி, கண்ணாடித் தட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். அது ஆடாமல் நின்றது. அவருக்குக் குழப்பம். என்ன குறை என்று உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அதை எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பினார்.

“தம்பி” என்றார் அம்மா. “எங்க எடுத்துட்டுப் போறீங்க? மூஞ்சி இங்க இருக்கு.”